கூந்தன்குளத்துக்கு வரும் இமயமலைக்காரர்கள்

நெல்லைப் பக்கம் இருப்பவர்கள் ஜனவரி வாக்கில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போனால் வரித்தலை வாத்தைத் தேடிப் பாருங்கள். வெள்ளைத் தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை, மஞ்சள் அலகு. கரையோரம் புல் மேய்ந்துகொண்டு ரொம்ப சாதுவாக நிற்கும். மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வலசை வரும் இனம் இது.

7,000 மீட்டருக்கு மேலேகூட இவை பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. நமக்குப் பழனி படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது! இதன் ஹீமோகுளோபினில் ஒரு சின்ன மாற்றம். மெல்லிய காற்றிலும் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். இறக்கைத் தசையில் நுண்ணிய ரத்தக்குழாய்களும் நெருக்கமாக ஓடுகின்றன.

உடம்பு சரி, அப்புறம் புத்தி? எனக்குப் பிடித்ததே அதுதான். இவை ஒரே உயரத்தில் நேராகப் போவதில்லை. மலை வந்தால் ஏறி, பள்ளத்தாக்கு வந்தால் இறங்கி, தரையை ஒட்டியே பறக்கின்றன. கஷ்டப்பட்டு ஏறிய உயரத்தை விட்டுவிட்டு மறுபடி ஏறுவது வீண் வேலை மாதிரி தெரியும். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து, இறக்கையடிக்கு ஆகும் செலவு எகிறுகிறது. இறங்கி ஏறுவதே மிச்சம் என்கிறது 2015-ல் வந்த ஆய்வு. காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும் இரவிலும் விடியற்காலையிலும்தான் பெரும்பாலும் மலையேற்றம். பகலில் சரிவில் மேல்நோக்கி வீசும் காற்று சும்மாவே தூக்கிவிடுமே? அதைக்கூட இவை நம்பிக் காத்திருப்பதில்லை.

பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். கோடை வெயில் ஏறத் தொடங்கினால் வடக்கே கிளம்பிவிடும்.