குட்டி யானையை ஏற்காட்டு ஏற்றத்துக்குத் தயார் செய்தல்: பிரேக் முதல் பாடி வரை

எடுத்திருக்கும் வண்டி பழைய டாடா ஏஸ். 702 சிசி டீசல், 16 குதிரைத்திறன், நான்கு கியர். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, நாகலூர், மஞ்சக்குட்டை பக்கத்துத் தோட்டங்களில் காப்பி மூட்டையோ கொய்யாவோ ஏற்றி, சேலத்துக்குப் பத்திரமாக இறங்க வேண்டும். பிரேக், கிளட்ச், வண்டியின் எடையைத் தாங்கும் கமான் பட்டை (ஸ்பிரிங்), பாடி முடிந்தாயிற்று. இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் பாக்கி.

மலை வண்டி என்றதும் எல்லாரும் கேட்பது "இழுக்குமா?" என்றுதான். இழுக்கும். முழு லோடோடு வண்டியின் மொத்த எடை 1,550 கிலோ. நூறு மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றத்தில் 20 கி.மீ. வேகத்தில் போக 11 குதிரைத்திறன் போதும். மெதுவாக ஏறும், ஆனால் ஏறிவிடும். பணத்தை முதலில் போட வேண்டியது இறக்கத்துக்கு. சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. அந்த எடை 1,200 மீட்டர் இறங்கினால் வெளிவரும் ஆற்றல் கிட்டத்தட்ட 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் பெரும்பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளாவிட்டால் பிரேக் டிஸ்க்கும் டிரம்மும்தான் சூடேறித் தாங்க வேண்டும். அதனால் வேலை பிரேக்கில் தொடங்கியது.

முன்னால் டிஸ்க். டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் காலிப்பரைக் கழற்றியதும் அதிலுள்ள பேடுகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். உள் பேடு 2 மி.மீ., வெளிப் பேடு 6 மி.மீ. என்றிருந்தால் பேடு மாற்றி மட்டும் பிரயோஜனமில்லை. காலிப்பர் நகரும் பின் துருப்பிடித்து இறுகியிருக்கிறது. பின்னைக் கழற்றி, எமரி பேப்பரில் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் பூட்டைப் புதிதாகப் போட்டு, சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சாதா கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி, சில மாதத்தில் பழையபடி இறுகிவிடும். மலையில் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு இந்தப் பின்தான் பெரும்பாலும் காரணம்.

பின்னால் டிரம். லைனிங் எண்ணெயில் நனைந்திருந்தால் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. மலைக்கு அது வேண்டவே வேண்டாம். லைனிங்குக்குள் ஊறிய எண்ணெய் சூடு ஏறும்போது வெளியே கசியும். இரண்டு பக்கமும் புது லைனிங் போடுவதே வழி. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஆக்சில் சீல் போனது கண்ணுக்குத் தெரியும். அது ஏன் போனது என்று பார்த்தால் பல வண்டிகளில் பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் மேலே இருக்கும் பிரீதர் (காற்றுப் போகும் துளை) சேறு அடைத்துக் கிடக்கும். உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளுகிறது. பிரீதரைச் சுத்தம் செய்யாமல் புது சீல் போட்டால் அதுவும் கசியும்.

டிரம்மை லேத்தில் பிடிக்கலாம். ஆனால் டிரம்மிலேயே வார்த்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டக் கூடாது. வீல் சிலிண்டர் கப்பைப் பிரேக் ஆயிலில் மட்டும் கழுவ வேண்டும். டீசல் பட்டால் ரப்பர் கெட்டுவிடும்.

பிரேக் ஆயில் முழுவதும் மாற்றப்பட்டது. இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறியபின் 140. டாட் 4 என்றால் 230, 155. மழைக்காலத்தில் ஏற்காட்டுப் பனிமூட்டத்திலேயே ஓடும் வண்டியில் இந்த வித்தியாசம் உயிர் காக்கும். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. ஒரு லிட்டர் டாட் 4 வாங்கினால் பழையதைத் தள்ளி, குழாயில் தங்கிய காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்கப் போதும். பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்க வேண்டும்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சக்கரத்தருகே ஏர் வெளியேறும் நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி, பெடலை அழுத்தச் சொல்லி, கால் சுற்று திறந்து, பெடலை விடுவதற்கு முன்பே மூட வேண்டும். பெடலை விட்டபின் மூடினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

கிளட்ச். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒன்றாகவே மாற்றப்பட்டன. கியர்பாக்ஸ் இறக்கும் கூலி ஒன்றுக்கும் மூன்றுக்கும் ஒன்றுதான். ஃபிளைவீலில் நீலப் புள்ளிகள் இருந்தால், வளைவில் பாதி கிளட்சிலேயே வண்டியை நிறுத்திப் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேற்பரப்பை லேத்தில் எடுத்துவிட்டுத்தான் புது பிளேட் மாட்ட வேண்டும். ஷாஃப்ட் பற்களில் கிரீஸ் விரலால் லேசாகத் தடவினால் போதும். அதிகமானால் சுழற்சியில் தெறித்துப் பிளேட்டில் ஒட்டி, முதல் ஏற்றத்திலேயே வழுக்கும்.

இன்ஜின் பக்கம் வந்தால் கம்பெனியின் கணக்கு புரியும். பிஸ்டன் விட்டம் 75 மி.மீ., ஸ்ட்ரோக் 79.5. இண்டிகா காரின் 1,405 சிசி டீசலிலும் இதே அளவுதான். அந்த நான்கு சிலிண்டரை இரண்டாக்கியதே 702 சிசி. புது இன்ஜினை முதலிலிருந்து வடிவமைக்கும் செலவு இப்படி மிச்சமானதால்தான் 2005இல் இரண்டேகால் லட்சம் ரூபாய் அளவில் நாலு சக்கரச் சரக்கு வண்டி கொடுக்க முடிந்தது. மூன்று சக்கர லோடு ஆட்டோ வைத்திருந்தவர் எட்டிப் பிடிக்கும் முதல் படி அது. அதில் சம்பாதித்தவர் அடுத்த பெரிய வண்டிக்கும் அதே ஷோரூமுக்கு வருவார் என்பதும் கணக்கில் உண்டு. அதே அடித்தளத்தில் 2007இல் ஆள் ஏற்றும் மேஜிக் வந்தது, பிறகு சூப்பர் ஏஸ், மெகா என்று குடும்பம் பெருகியது. மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. மஹிந்திரா 2010இல் மேக்ஸிமோவை இறக்கியது. 2011இல் நம் பக்கத்து ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. காரே விற்றுக்கொண்டிருந்த மாருதியும் 2016இல் சூப்பர் கேரியோடு வந்தது. 2025இல் டாடா கொண்டுவந்த ஏஸ் ப்ரோ அறிமுகத்தின்போது 3.99 லட்சத்தில் தொடங்கியது. அதற்கும் லோடு 750 கிலோதான். இருபது வருடம் கழித்தும் அந்த எடையை விடாதது மிகச் சரியான முடிவு. பழைய வண்டியைப் பிரித்துப் பார்ப்பவருக்கு இண்டிகா இன்ஜினின் அளவே இதிலும் இருப்பதால் நேரடி லாபம், பாகம் தேடி அலைய வேண்டாம் என்பதுதான்.

ரேடியேட்டரில் சேலத்துப் போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் விரிந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். அழுத்தம் நிற்காத மூடியோடு போனால், ஏற்காட்டு உயரத்தில் வெறும் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் யோசனையை ஏற்க வேண்டாம். இறக்கத்தில் டீசல் இன்ஜின் குளிர்ந்தே ஓடினால் புகையும் தேய்மானமும்தான் மிச்சம்.

கமான் பட்டை விஷயத்தில் கூடுதல் பட்டை போடச் சொல்லிப் பலர் வந்தார்கள். போடவில்லை. காலியாக இறங்கும்போது பின்பக்கம் துள்ளும், சக்கரம் ரோட்டை விடும், பிரேக் அடித்தால் லாக் ஆகும். பட்டை சேர்ப்பதால் ஆர்.சி.யில் எழுதிய எடை அளவும் உயர்ந்துவிடாது. மாற்றியது சென்டர் போல்ட் துளையருகே கீறல் விட்ட ஒரு பட்டை, எல்லா யூ போல்ட், ஷாக்கிள் புஷ். யூ போல்ட்டைப் பழையது திரும்பப் போடவே கூடாது; ஒருமுறை இறுக்கும்போதே நீண்டுவிடும். முதல் லோடு இறக்கியதும் மறுபடி இறுக்க வேண்டும். புஷ் போல்ட்டை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

பாடித் தரை துருப்பிடித்து ஓட்டை. செக்கர் பிளேட் 3 மி.மீ. போட்டால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. மூன்று சதுர மீட்டருக்கு 75 கிலோ. ஒன்றரை காப்பி மூட்டை எடை ஒவ்வொரு நடையிலும் தகடாகவே போய்வரும். 1.6 மி.மீ. தகடு போட்டால் 38 கிலோ. அதையே போட்டு, அடியில் ஆங்கிள் குறுக்குச் சட்டங்களை நெருக்கமாக வைத்தாயிற்று. வெல்டிங்குக்கு முன் பேட்டரி எர்த்தைக் கழற்றியது, டீசல் டேங்கை இறக்கியது இரண்டும் கட்டாயம்.

லோடு வைக்கும் விதம்: 50 கிலோ மூட்டை 15, கேபின் பக்கச் சுவரை ஒட்டி முதல் வரிசை. சில்வர் ஓக் கட்டை பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் முன் சக்கரத்தில் எடை குறையும். ஏறும் வளைவில் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி நேராகப் போகப் பார்க்கும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே, பெரும்பாலும் இரண்டாவதில், வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பெடலை அழுத்தியதும் காலை எடுத்துவிட வேண்டும். தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் ஆற நேரமிருக்காது.

பாக்கி இருக்கும் நாசில் வேலை டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் பம்ப் கடைக்குப் போகிறது. மேலே போகப் போகக் கறுப்புப் புகை கூடுவது இயல்பு; டர்போ இல்லாத இன்ஜினுக்கு 1,500 மீட்டரில் காற்று சுமார் 14 சதவீதம் குறைவு. அதைப் பார்த்துப் பம்ப் ஸ்குரூவைத் திருகி டீசலைக் கூட்டச் சொன்னால் சக்தி வராது, புகையும் இன்ஜின் சூடும்தான் ஏறும். நாசில் தெளிப்பு சரியா, ஏர் ஃபில்டர் சுத்தமா, அதைத்தான் பார்க்கச் சொல்லியிருக்கிறது.