தண்ணீர் அலாரம் போதும், டிரான்சிஸ்டர் புரிந்துவிடும்

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கப் பத்து புராஜெக்ட் தேவையில்லை, ஒன்றே போதும் என்பது என் உறுதியான கருத்து. வட சென்னையில் அந்த ஒன்று தண்ணீர் அலாரம்தான். வியாசர்பாடியிலோ தண்டையார்பேட்டையிலோ இருக்கிற பிள்ளையிடம், டிரம் நிறைந்ததும் கத்துகிற கருவி எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. ஓம் விதி பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே இருக்கிறது. சிறு கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைத் திறந்துவிடுகிற டிரான்சிஸ்டர் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில்தான் வருகிறது, இந்த அலாரத்தில் அதை இப்போதே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

இரண்டு பேருக்கு ஒரு செட் வேண்டும். 400 துளை பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பலகை), நான்கு ஏஏ செல் போடும் ஹோல்டர், சிவப்பு எல்இடி, 330 ஓம், 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று, பிசி547 டிரான்சிஸ்டர் இரண்டு, 3 முதல் 24 வோல்ட் வரை வேலை செய்யும் பஸ்ஸர், வயர்கள். எல்இடியும் டிரான்சிஸ்டரும் கூடுதலாக வாங்கி வையுங்கள், கட்டாயம் சில போகும். எல்லாமே எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கிடைக்கும். திருவொற்றியூர் பக்கமிருந்து மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். பஸ்ஸர் வாங்கும்போது கடையிலேயே பேட்டரி வைத்துக் கத்தவிட்டுப் பாருங்கள். உள்ளே ஆசிலேட்டர் (சத்தத்துக்கான துடிப்பை உண்டாக்கும் சுற்று) இல்லாத வகையும் பார்க்க அப்படியே இருக்கும். அதற்கு பேட்டரி கொடுத்தால் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும்.

வகுப்பில் செல்லைத் தவிர வேறு மின்சாரம் வேண்டாம். 230 வோல்ட்டும் கூடாது, பழைய போன் பேட்டரியும் கூடாது. லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

முதலில் எல்இடியும் 330 ஓமும் மட்டும். பிரெட்போர்டில் ஒரு வரிசையின் ஐந்து துளைகளும் உள்ளே ஒன்றாக இணைந்தவை. எல்இடியின் இரண்டு காலையும் அதே ஐந்துக்குள் செருகுவதுதான் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற முதல் தவறு. விளக்கு எரிந்த பிறகு கரண்டை அளக்கச் சொல்லாதீர்கள். ஆம்பியரில் வைத்த மல்டிமீட்டரைப் பேட்டரிக்கு நேராகப் பிடித்தால் மீட்டரின் ஃப்யூஸ் போகும், ஃப்யூஸ் இல்லாத 10 ஆம்பியர் துளையென்றால் வயரே சூடேறும். ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 4 வோல்ட் காட்டும். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர்: 4ஐ 330ஆல் வகுத்தால் 0.012, அதாவது 12 மில்லி ஆம்பியர். ஓம் விதி அங்கேயே பயன்பட்டுவிட்டது.

அடுத்தது டிரான்சிஸ்டர். பிசி547இன் தட்டையான முகத்தை உங்கள் பக்கம் திருப்பி, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். பேஸுக்குச் சிறு கரண்ட் வந்தால், கலெக்டரிலிருந்து எமிட்டருக்குப் பெரிய கரண்ட் ஓடும். அதே வடிவத்தில் வரும் 2என்3904இல் இந்த வரிசை தலைகீழ், ஆகவே ஒரே டப்பாவில் இரண்டையும் கலந்து வைக்காதீர்கள். 330 ஓம் ரெசிஸ்டரும் எல்இடியும் பிளஸிலிருந்து கலெக்டருக்கு. எமிட்டர் மைனஸுக்கு. பேஸிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக ஒரு வயர், பிளஸிலிருந்து இன்னொரு வயர், இரண்டும் தண்ணீருக்குள். அந்த 10 கிலோ ஓமை விட்டுவிட்டு வயர்கள் ஒன்றையொன்று தொட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

எவர்சில்வர் டம்ளரில் செய்யாதீர்கள். இரண்டு வயரும் டம்ளரைத் தொட்டால் தண்ணீரே இல்லாமல் விளக்கு எரியும். பிளாஸ்டிக் கப் போதும். ஒரு கப்பில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். முதலாவதில் பளிச்சென்று எரியும், இரண்டாவதில் மங்கும். பிறகு ஒரு சிட்டிகை உப்பு போடச் சொல்லுங்கள். கரைந்த உப்புதான் மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

பாதிப் பலகைகள் வேலை செய்யாது. உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது. அவசரப்பட்டு நீங்கள் வயரை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி மைனஸில், சிவப்பு முனை பேஸில். 0 காட்டினால் பேஸுக்கு எதுவும் வந்து சேரவில்லை. 10 கிலோ ஓம் பக்கத்து வரிசையில் செருகியிருக்கும். 5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எமிட்டர் மைனஸைத் தொடவில்லை. 0.7 அளவில் காட்டினால் பேஸ் சரி, சிவப்பு முனையைக் கலெக்டருக்குக் கொண்டுபோங்கள். அங்கே கால் வோல்ட்டுக்கும் கீழே இருந்து விளக்கு எரியவில்லை என்றால் டிரான்சிஸ்டர் தன் வேலையைச் செய்துவிட்டது, ஒரு திசையில் மட்டுமே எரியும் எல்இடிதான் திரும்பியிருக்கிறது. கலெக்டரில் வோல்ட் இறங்காமல், விளக்கும் மங்கலாக இருந்தால் கலெக்டரும் எமிட்டரும் இடம் மாறியிருக்கும். இந்த இரண்டு இடங்களை அளந்து தானே பிழையைப் பிடித்த பிள்ளைக்குக் கிடைப்பது, ரெடிமேட் கிட் பத்து செய்தாலும் கிடைக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் எரியவில்லையா, கால்களைப் பாருங்கள். காசிமேடு, ராயபுரம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் உப்புக்காற்றில் எல்இடி கால்கள் கறுத்துவிடும், செல் ஹோல்டரின் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் சரியாகும். பாகங்களை ஜிப் கவரில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

பஸ்ஸரைப் பிளஸுக்கும் கலெக்டருக்கும் நடுவே சேர்த்தால் சிலருக்கு முனகும், கத்தாது. பேஸுக்கு வரும் சொற்ப கரண்டை ஒரு டிரான்சிஸ்டர் சில நூறு மடங்குதான் பெருக்கும், விளக்கும் பஸ்ஸரும் சேர்ந்து கேட்பதற்கு அது பற்றவில்லை. இரண்டாவது பிசி547 இதற்குத்தான்: முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டரை மைனஸிலிருந்து எடுத்து இரண்டாவதன் பேஸில் கொடுங்கள், கலெக்டர்களை இணையுங்கள், இரண்டாவதன் எமிட்டர் மைனஸுக்கு. இப்போது பேஸில் 0.7க்குப் பதில் 1.2இலிருந்து 1.4 வோல்ட் வரை காட்டும், கலெக்டரும் முன்போல் அவ்வளவு கீழே இறங்காது. வயர்களைத் தண்ணீரிலிருந்து எடுத்து விரலால் தொட்டாலே கத்தும்.

வீட்டு டிரம்மில் பொருத்தும்போது இந்தக் கூர்மையே தொல்லை. ஈரம் படிந்த மூடிகூட அலாரத்தைக் கிளப்பிவிடும். முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் மைனஸுக்கும் நடுவே அந்த 100 கிலோ ஓமைப் போட்டால் ஈரத்தில் கசியும் சிறு கரண்ட் அந்த வழியே இறங்கிவிடும், தண்ணீர் தொட்டால் மட்டும் கத்தும். தண்ணீருக்குள் வெறும் செம்பு வயரை விடாதீர்கள், பிளஸ் பக்க வயர் பச்சை பூத்து அரித்துப்போகும். துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்குரூ இரண்டை, ஒன்றையொன்று தொடாமல், பிளாஸ்டிக் ஸ்கேலில் முடுக்கி டிரம்மின் வாய்க்குச் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். கத்தியதும் அணைக்க ஒரு சுவிட்ச் போட்டுவிட்டால் செல்லும் மிஞ்சும், ஸ்குரூவும் நாள்பட உழைக்கும்.