மூணு கலர் பஸ் போய் மஞ்ச பஸ் வந்த கதை

அக்கா வீடு மான்செஸ்டர்ல விதிங்டன். நான் முதல்தடவை போனது 2018ல. பிக்காடிலி கார்டன்ஸ்ல பஸ் ஏறினா யுனிவர்சிட்டி, ரஷோம்ல நம்மூர் பக்கத்து சாப்பாட்டுக் கடைங்க வரிசையா இருக்கிற கறி மைல், ஃபாலோஃபீல்டுன்னு ஒரே நேர் ரோடு, வழி தப்ப வாய்ப்பே இல்ல. பஸ்ஸும் ஒண்ணு போனா பின்னாடியே இன்னொண்ணு, ஐரோப்பாவுலயே ரொம்ப பிஸியான பஸ் ரூட்ல இதுவும் ஒண்ணுன்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்லுவாங்க.

ஆனா நான் முதல் நாளே மாட்டினேன். காலைல டே டிக்கெட் வாங்கி பத்திரமா வச்சிருந்தேன், சாயந்திரம் திரும்பி வர முதல்ல வந்த பஸ்ல ஏறி காட்டினா டிரைவர் "சாரி லவ், இது எங்க கம்பெனி டிக்கெட் இல்ல"ன்னுட்டார். லவ்வாம்! அந்த ஊர்ல யாரையும் அப்படி தான் கூப்பிடுவாங்களாம். பின்னாடி க்யூவே நிக்குது, முகமெல்லாம் சூடாகி இறங்கிட்டேன். அக்கா சிரிச்சுட்டே "கலர் பாத்து ஏறணும்டி"ன்னா. ஒரே ரோட்ல பல கம்பெனி பஸ், கம்பெனிக்கு ஒரு கலர், டிக்கெட்டும் தனித்தனி. மேஜிக் பஸ்ஸுன்னு நீலக் கலர்ல ஒண்ணு ஓடும், டிக்கெட் கம்மி, ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் அதுக்குன்னே காத்திருப்பாங்க. எல்லா கம்பெனிக்கும் செல்லுற சிஸ்டம் ஒன் டிக்கெட்டும் இருந்துச்சு, ஆனா விலை கூட.

ஏன் இப்படின்னு அப்புறம் தேடிப் படிச்சேன். மார்கரெட் தாட்சர் பிரதமரா இருந்த காலத்து சட்டம். 1986 அக்டோபர்ல லண்டன மட்டும் விட்டுட்டு மத்த ஊர் பஸ்ஸையெல்லாம் போட்டிக்குத் திறந்து விட்டுட்டாங்க, எந்த ரூட்ல ஓட்டணும் எவ்ளோ வாங்கணும் எல்லாம் கம்பெனி இஷ்டம். லாபம் இருக்கிற ரோட்ல பஸ் மேல பஸ், இல்லாத ஏரியாவுல கவுன்சில் காசு குடுத்தா தான் வண்டி.

போன வருஷம், 2025 வசந்தத்துல, திரும்பப் போனா எல்லா பஸ்ஸும் மஞ்சளும் கருப்புமா நிக்குது. Bee நெட்வொர்க்காம், Beeன்னா தேனீ, அது தான் அந்த ஊர் சின்னம். மேயர் ஆண்டி பர்ன்ஹாம் பிடிவாதமா நின்னு கொண்டுவந்தது, பஸ் கம்பெனிங்க கோர்ட்டுக்கே போய் தோத்தாங்க. 2023 செப்டம்பர்ல போல்டன், விகன் பக்கம் ஆரம்பிச்சு 2025 ஜனவரி 5ம் தேதி அக்கா வீட்டு ரோடு வரைக்கும் வந்துருச்சு. ஓட்டுறது இப்பவும் தனியார் தான், மெட்ரோலைன், ஸ்டேஜ்கோச், டயமண்ட் எல்லாம் டெண்டர் எடுத்து ஓட்டுறாங்க, ஆனா ரூட்டும் கட்டணமும் டைமும் முடிவு பண்றது ஊர் நிர்வாகம். 2025ல நான் போனப்ப 2 பவுண்டு குடுத்தா ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தன பஸ் வேணா மாறிக்கலாம்னு இருந்துச்சு, கார்ட தட்டிட்டு ஏறினா போதும், டிராமுக்கும் அதே கார்டு. அந்த லவ் டிரைவர நினைச்சுக்கிட்டேன்.

எனக்குப் பிடிச்சது மாடியில முன்சீட்டு தான். மழையில கறி மைல் போர்டு லைட்டெல்லாம் கண்ணாடியில கரைஞ்சு ஓடும். இறங்கும்போது எல்லாரும் டிரைவருக்கு தேங்க்ஸ் சொல்லிட்டு தான் இறங்குவாங்க, ரெண்டாவது நாளே எனக்கும் அது ஒட்டிக்கிச்சு.

கிளம்பற அன்னிக்கு ஸ்டாப்ல நானும் அக்காவும் கால் மணி நேரம் நனைஞ்சோம். அப்புறம் வந்துச்சு பாருங்க, 142, 143, மறுபடி ஒரு 142, மூணும் ஒட்டிக்கிட்டு. "முன்னாடியும் இப்படி தான்டி வரும், அப்போ மூணும் மூணு கலர்ல இருக்கும்"னா அக்கா.