முதலில் வெளிச்சம்: டிஜிட்டல் ஓவியப் பயிற்சியில் நான் கற்றவை

கும்பகோணத்தில் ஓவியப் படிப்பின் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் பென்சிலும் நீர்வண்ணமுமாகச் சென்றன. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், திரையில்லாத சிறிய டேப்லெட் (பேனாவால் வரைவதைக் கணினித் திரைக்கு அனுப்பும் பலகை) ஒன்றை வாங்கி, கிரிட்டா என்ற இலவச மென்பொருளில் வரையத் தொடங்கினேன். காகிதத்தில் கை ஓரளவு பழகியிருந்ததால் கணினியிலும் விரைவில் தேறிவிடலாம் என்று நம்பினேன். ஆனால் பல மாதங்கள் நாள்தோறும் வரைந்தும் என் படங்கள் தொடங்கிய இடத்திலேயே நின்றன. அவை நகரத் தொடங்கியது எப்போது, எதனால் என்பதை, இப்போதுதான் டேப்லெட் வாங்கியிருக்கும் மாணவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்த மாதங்களில் நான் மிகவும் பாடுபட்டு வரைந்தது, திண்ணையில் அமர்ந்து வெற்றிலை மடிக்கும் ஒரு மூதாட்டியின் படம். மூன்று வாரம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள்கள் போன்ற நாற்பதுக்கும் மேற்பட்ட லேயர்கள், தலைமுடிக்கென்று தனியாகத் தேடிப் பதிவிறக்கிய பிரஷ் என்று எதிலும் குறை வைக்கவில்லை. படத்தை நானூறு விழுக்காடு பெரிதாக்கி, கன்னச் சுருக்கங்களை ஒவ்வொன்றாக இழைத்தேன். மடிக்கணினியை வகுப்பில் மேசைமேல் வைத்துக் காட்டியபோது, ஆசிரியர் அருகில் வரவில்லை. கதவோரமாகவே நின்று சற்று நேரம் பார்த்தார். பிறகு, "கண்ணிமையெல்லாம் எண்ணி எண்ணிப் போட்டிருக்கியேம்மா, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்குது?" என்று கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. முகத்தில் இடப்பக்கம் வெளிச்சம், சேலையில் வலப்பக்கம் வெளிச்சம், திண்ணைத் தூணுக்கு நிழலே இல்லை. பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே ஒரு மூதாட்டி இருப்பதே தெரியவில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு கலங்கல்தான் தெரிந்தது.

இதே தவறை நான் நீர்வண்ணத்தில் செய்ததில்லை என்பது அன்று மாலை நினைவுக்கு வந்தது. காரணம் எளிது. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். எந்த இடத்தில் வெயில் விழ வேண்டுமோ அந்த இடத்தை முதல் தூரிகை வீச்சுக்கு முன்பே முடிவு செய்து, வண்ணம் படாமல் காப்பாற்றியாக வேண்டும். தவறவிட்டால் அந்த வெளிச்சம் போனது போனதுதான். ஆகவே வெளிச்சத்தைப் பற்றித்தான் முதலில் யோசிக்கிறோம். கணினியிலோ வெள்ளையை எப்போது வேண்டுமானாலும் மேலே வைத்துக்கொள்ளலாம். அதனால் நான் வெளிச்சத்தைக் கடைசி வேலையாக ஒத்திப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். டிஜிட்டல் ஓவியத்தின் பெரும் வசதியே என்னைப் போன்ற தொடக்க நிலை மாணவருக்குப் பெரும் தடையாகவும் இருந்தது. பின்னர் நான் மேற்கொண்ட பயிற்சிகள் எல்லாமே, அந்த முடிவை மீண்டும் படத்தின் முதல் வேலையாக்கும் முயற்சிகள்தாம்.

முதல் பயிற்சி மிகச் சிறியது. தீப்பெட்டி அளவுள்ள கட்டங்களைத் திரையில் போட்டு, ஒரே காட்சியை மூன்றே டோனில் வரைவது: வெளிச்சத்திற்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று, இடைப்பட்டதற்கு ஒன்று. வண்ணம் கிடையாது, பெரிதாக்கிப் பார்ப்பதும் கிடையாது. விளிம்பு கூர்மையான வட்டப் பிரஷ் ஒன்று மட்டும் போதும். ஒரு கட்டத்துக்கு ஐந்து நிமிடம். தொடக்கத்தில் இது குழந்தை விளையாட்டு போலத் தோன்றும்; ஆனால் ஒரு முகத்தில் மூக்கின் நிழலும் கண்குழியின் நிழலும் கழுத்து நிழலும் தனித்தனி அல்ல, ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே இருண்ட வடிவம் என்பதை நான் இந்தக் கட்டங்களில்தான் கண்டுகொண்டேன். கும்பகோணத்தில் பயின்று, 2021-இல் மறைந்த ஓவியர் இளையராஜாவின் படங்களைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இதே போல மூன்று டோனில் பெயர்த்தும் பார்த்தேன். சன்னல் வழியாகவோ கதவு வழியாகவோ வீட்டுக்குள் நுழையும் ஒளியில் இருக்கும் அவருடைய கிராமத்துப் பெண்களின் நுணுக்கத்தைத்தான் எல்லோரும் வியக்கிறோம். அந்த நுணுக்கத்தை முழுவதும் எடுத்துவிட்ட பின்னும், தீப்பெட்டி அளவில்கூட, ஒளி எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாக நின்றது. என் மூதாட்டி படத்தை அப்படிச் சுருக்கியபோது எதுவும் மிஞ்சவில்லை.

அடுத்த தடை வண்ணத்தில் இருந்தது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல மாணவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். வண்ணத் தேர்வுக் கட்டத்தில் நிறம், செறிவு, வெளிச்சம் என்று மூன்று அளவுகள் இருக்கும். அதில் முழு மஞ்சளுக்கும் வெளிச்சம் 100 என்று காட்டும், முழு நீலத்துக்கும் 100 என்றே காட்டும். அந்த எண்ணை நம்பி, இரண்டும் சம வெளிச்சம் உள்ளவை என்று நான் கருதி வந்தேன். ஆனால் நம் கண்ணுக்கு அவை சமம் அல்ல. கணினித் திரையில் வெள்ளையின் ஒளிர்வை 100 என்று வைத்தால், முழு மஞ்சளின் ஒளிர்வு ஏறத்தாழ 93, முழு நீலத்தின் ஒளிர்வு 7 மட்டுமே. பச்சையை நம் கண் மிக வெளிச்சமாகவும் நீலத்தை மிக மங்கலாகவும் உணர்வதே இதற்குக் காரணம். ஆகையால் மஞ்சள் சேலையின் நிழலுக்கும் நீலச் சட்டையின் நிழலுக்கும் ஒரே எண்ணைக் கழித்துப் போட்டால், ஒன்று ஒளிர்ந்துகொண்டே இருக்கும், மற்றொன்று குழியாகிவிடும்.

இதற்கு நான் கைக்கொண்ட வழி, எல்லா லேயர்களுக்கும் மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை வைத்து, அதன் கலப்பு முறையை, அதாவது கீழுள்ள லேயர்களோடு அது சேரும் விதத்தை, 'கலர்' என்று மாற்றிவிடுவது. அதைத் திறந்தால் படம் சாம்பல் நிறத்தில் தெரியும், மூடினால் வண்ணம் திரும்பிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். இதற்குப் பதிலாக ஃபோட்டோஷாப்பில் உள்ள 'டிசாச்சுரேட்' கட்டளையைப் பயன்படுத்த வேண்டாம். அது முழு மஞ்சளையும் முழு நீலத்தையும் ஒரே சாம்பலாக மாற்றிக் காட்டும். நான் ஒரு நண்பரின் கணினியில் அதை நம்பி ஒரு படத்தையே கெடுத்துக்கொண்டேன்.

வண்ணத்தை ஒளிப்படத்திலிருந்து நேராக எடுத்துவைக்கும் கலர் பிக்கர் கருவியைப் பற்றியும் உறுதியாக ஒன்று சொல்வேன். அதை ஒதுக்க வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். முதலில் கண்ணால் பார்த்து, ஊகித்து ஒரு வண்ணத்தை வையுங்கள். அதன் பிறகு பிக்கரை ஒளிப்படத்தின் மேல் வைத்து, உங்கள் ஊகம் எவ்வளவு விலகியது என்று பாருங்கள். நான் இதற்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். இரண்டு மாதம் எழுதிய பிறகு அதைப் புரட்டியபோது, தோலின் நிழலை எப்போதும் வேண்டியதைவிடக் கறுப்பாகவும், வெளிச்சப் பகுதியை எப்போதும் ஆரஞ்சாகவும் வைக்கிறேன் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிட்டால், அதைத் திருத்துவது அவ்வளவு கடினமல்ல.

பயிற்சிப் பொருளுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் நாச்சியார்கோவிலில் வாங்கிய ஒரு பித்தளைக் குத்துவிளக்கு இருக்கிறது. அதன் அருகில் ஒரு மண் அகலை வைத்து, சன்னலோர வெளிச்சத்தில் தொடர்ந்து ஆறு நாள் காலையில் வரைந்தேன். அகலில் வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலாகக் கரைகிறது. எங்கே மாறியது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. பித்தளையிலோ அந்த மென்மையே இல்லை. ஆகப் பிரகாசமான புள்ளிக்குப் பக்கத்திலேயே ஆக இருண்ட பட்டை வருகிறது, ஏனெனில் பித்தளை தன் நிழலைக் காட்டவில்லை, அறையைப் பிரதிபலிக்கிறது: சன்னல், அதன் கம்பிகள், எதிர்ச் சுவர், குனிந்திருக்கும் என் தலை. முதல் மூன்று நாள் விளக்கின் மினுமினுப்புக்குத் தூய வெள்ளையைத்தான் வைத்தேன். அது ஒவ்வொரு நாளும் எவர்சில்வர் போலவே வந்தது. நான்காம் நாள்தான் கவனித்தேன்: பித்தளையில் மின்னும் ஒளியும் பித்தளையின் மஞ்சளை ஏற்றிருக்கிறது. அதே நேரம், அகலின் விளிம்பில் வழிந்திருந்த எண்ணெயில் மின்னிய புள்ளி, சன்னலின் வெள்ளையாகவே இருந்தது. நிறமுள்ள உலோகம், பட்ட ஒளிக்குத் தன் நிறத்தை ஏற்றித் திருப்பும். எண்ணெய், கண்ணாடி, ஈரமான தோல் போன்றவற்றின் மினுமினுப்பு, வந்த ஒளியின் நிறத்திலேயே இருக்கும். இதை ஏற்கெனவே ஏதோ ஒரு காணொளியில் கேட்டிருந்தேன். ஆனாலும் நான்காம் நாள் காலையில் அந்த வெள்ளைப் புள்ளியை மஞ்சளாக மாற்றியதும் திரையில் பித்தளை பிறந்த நொடியில்தான் அது எனக்குப் பாடமாயிற்று.

அந்த ஆறு நாளும் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தேன். ஒரே லேயர், கடைசி வீச்சை நீக்கும் அன்டூ இல்லை. தவறான வீச்சை அழிக்கக் கூடாது, அதன்மேல் சரியானதைப் போட வேண்டும். அன்டூவை இடைவிடாமல் அழுத்தும் கை, ஒரு கோட்டை இழுக்கும் முன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறது. எல்லாப் படங்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. வாடிக்கையாளருக்கு வரையும்போது லேயர்கள் இன்றியமையாதவை. பயிற்சிக்கு மட்டும், வாரத்தில் இரண்டு படமாவது இப்படி வரைவது நல்லது. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கும் வசதியையும் அடிக்கடி பயன்படுத்துங்கள். கோணலான முகம் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கருவியைப் பற்றி இரண்டொரு வார்த்தை. திரையில்லாத டேப்லெட்டில் கை ஓரிடம், கண் ஓரிடம் என்பது சில வாரங்களில் பழகிவிடும். ஆனால் வட்டம் வரைந்தால் முட்டை வடிவம் வருகிறதென்றால் அது உங்கள் கையின் குறை அல்ல. டேப்லெட்டின் வரைபரப்பும் கணினித் திரையும் ஒரே நீள அகல விகிதத்தில் இல்லை என்று பொருள். அமைப்புகளில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். நான் இது தெரியாமல் பல நாள் என் கையையே நொந்துகொண்டேன். விலை உயர்ந்த டேப்லெட் வந்தால்தான் முன்னேறலாம் என்று காத்திருக்கும் நண்பர்களிடம், இருப்பதில் தொடங்குங்கள் என்றே சொல்கிறேன்.

பருவத் தேர்வுக்காக அச்சிட்டுக் கொடுக்க வேண்டியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் இணையத்தில் பகிரும் அளவில் வரைந்திருந்த ஒரு படத்தைக் கடைசி நாளில் அச்சுக்குக் கொடுத்தேன். விளிம்புகள் கட்டம் கட்டமாக உடைந்ததோடு, திரையில் மயில்கழுத்தாக மின்னிய நீலப்பச்சை, தாளில் வெளுத்துச் சாம்பலாக வந்தது. குறை முழுவதும் என்னுடையது. ஏ4 தாளில் 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட வேண்டுமானால் படம் தொடக்கத்திலேயே 2480க்கு 3508 பிக்சல் அளவில் இருக்க வேண்டும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் நிறம் காட்டுகிறது. செறிந்த பச்சையும் நீலமும் மையில் அப்படியே வருவதில்லை. ஒப்படைக்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே சிறிய மாதிரி ஒன்றை அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

இப்போது நான் தாராசுரத்தில் வரைந்துகொண்டிருக்கிறேன். இரண்டாம் இராசராசன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபத்தில், கல்லில் தேர்ச்சக்கரமும் பாயும் குதிரையும் இருக்கின்றன. ஒரே குதிரையைக் காலையிலும் நண்பகலிலும் சிறு நோட்டில் பென்சிலால் மூன்று டோனில் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்தக் குறிப்பை மட்டும் வைத்து டேப்லெட்டில் வண்ணமேற்றுகிறேன். ஒளிப்படம் எடுத்தாலும் அதை இறுதிவரை திறப்பதில்லை. காலையில் ஒளி சாய்ந்து விழும்போது குதிரையின் கழுத்துத் தசை முழுவதும் எழுந்து நிற்கிறது. வெயில் உச்சிக்கு ஏறியபின் அதே கல் தட்டையாகி, கீழ்த் தரையில் பட்டுத் திரும்பும் ஒளி குதிரையின் வயிற்றுப்புறத்தைப் பழுப்பாகக் காட்டுகிறது. அந்தப் பழுப்பை இன்னும் சரியாக வைக்க எனக்கு வரவில்லை. நான்கு முறை முயன்றும் நிழல் கனமாகவே வந்திருக்கிறது. நீங்களும் அங்கே வரையச் செல்வதானால், காலை ஏழு மணிக்கெல்லாம் இடம்பிடித்து, எட்டரைக்குள் பெரிய நிழல் வடிவங்களைக் குறித்துவிடுங்கள். சக்கரத்தின் ஆரங்களை எண்ணுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.