டப்ளினில் அவசரம், நியூகிரேஞ்சில் நிதானம்

அயர்லாந்தில் யூரோ செல்லும், ஷெங்கன் விசா செல்லாது. தனி விசா வாங்குவதில் தொடங்கி, விடுதி, பேருந்து, இரவில் சாதமும் பருப்பும் கிடைக்கும் உணவகம் வரை எல்லாவற்றையும் பயண நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்பதால்தான் நாங்கள் குழுவோடு போனோம். அந்த வசதிக்கு விலையாக நேரத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது டப்ளினில் இறங்கிய மறுநாளே தெரிந்துவிட்டது.

நகர்வலம் பெரும்பாலும் கண்ணாடி வழியாகவே நடந்தது. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின்போது கிளர்ச்சியாளர்கள் தலைமையிடமாகக் கொண்ட பொது அஞ்சலகத்தின் தூண்கள், நாங்கள் கைப்பேசியை எடுப்பதற்குள் பின்னால் போய்விட்டன. டிரினிட்டி கல்லூரியில் இறக்கிவிட்டார்கள். கி.பி. 800 வாக்கில் கன்றுத்தோலில் எழுதப்பட்ட கெல்ஸ் நற்செய்திச் சுவடியில், அன்று திறந்து வைத்திருந்த பக்கங்களை மட்டும் பேழைக்குள் பார்க்க முடிந்தது; அதற்கும் பின்னாலிருந்து தள்ளும் வரிசை இடம் கொடுக்கவில்லை. 65 மீட்டர் நீளமுள்ள பழைய நூலகக் கூடத்தில் சீரமைப்புப் பணிக்காக நூல்களைப் பெரும்பாலும் இறக்கிவிட்டிருந்ததால், மரத் தட்டுகள் வெறுமையாக இருந்தன. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. அந்தக் கூடத்தின் தச்சு வேலையை நூல்கள் மறைக்காமல் காண்பதும் அரிய வாய்ப்புதான்.

கில்மைனம் சிறைக்குப் போன பிறகுதான் பயணம் நிதானப்பட்டது. அங்கே சிறையின் வழிகாட்டியோடுதான் சுற்றிப் பார்க்க முடியும் என்பதால், எங்கள் மேலாளர் கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியவில்லை. 1796இல் திறந்து 1924இல் மூடப்பட்ட சிறை அது. எழுச்சித் தலைவர்களுள் ஒருவரான ஜோசப் பிளங்கெட், சுட்டுக்கொல்லப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அங்குள்ள தேவாலயத்தில்தான் கிரேஸ் கிஃபோர்டை மணந்தார். அதே கிரேஸ் 1923இல், உள்நாட்டுப் போரின்போது, புதிதாக அமைந்த ஐரிஷ் சுதந்திர அரசின் கைதியாக அதே சிறைக்கு வந்து, தன் அறைச் சுவரில் மரியாளையும் குழந்தையையும் வரைந்தார் என்பதைக் கேட்டபோது, முன்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள். கல் உடைக்கும் முற்றத்தில் இரண்டு சிலுவைகள் நிற்கின்றன. ஒன்று, எழுச்சிக்காக அங்கே சுட்டுக்கொல்லப்பட்ட பதின்மூன்று பேருக்கு. எதிர்முனையில், வாயிலை ஒட்டி நிற்பது, எழுச்சியின் இன்னொரு தலைவரான ஜேம்ஸ் கானலி ஒருவருக்கு. காயத்தால் நிற்க முடியாத அவரை வண்டியில் கொண்டுவந்து, முற்றத்தின் மறுகோடிவரைகூடக் கொண்டுபோகாமல், நாற்காலியில் கட்டி வைத்து 1916 மே 12 அன்று சுட்டிருக்கிறார்கள்.

அடுத்த நாள் பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. (காலை உணவு மேசையில் கறுப்புப் புட்டிங் என்றிருப்பதை இனிப்பு என்று நம்பி எடுத்துவிடாதீர்கள், அது பன்றியின் ரத்தத்தில் தானியம் சேர்த்துச் செய்வது.) பார்வையாளர் மையத்திலேயே எங்கள் பேருந்தை நிறுத்திவிட்டு, அவர்களுடைய சிறு பேருந்தில்தான் நியூகிரேஞ்சுக்குப் போக வேண்டும், மேட்டுக்குள்ளும் சிறு குழுக்களாகத்தான் விடுகிறார்கள். ஏறத்தாழ கி.மு. 3200இல், எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் முன்பே கட்டப்பட்ட கல்லறை மேடு அது. 19 மீட்டர் நீளமுள்ள நடையில் சில இடங்களில் தோளைத் திருப்பி, பையை மார்போடு அணைத்துக்கொண்டுதான் நகர முடிந்தது. நடுவறையில் சாந்து இல்லாமல் கல்மேல் கல்லாக உள்நோக்கி அடுக்கி எழுப்பிய கூரை, ஐயாயிரம் ஆண்டுகளாக மழைநீரை உள்ளே விடவில்லையாம். பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் அண்ணாந்தே நின்றார்.

பிறகு வழிகாட்டி விளக்கை அணைத்து, வாயிலுக்கு மேலுள்ள சிறு திறப்பின் வழியாகக் ஆண்டிலேயே பகல் மிகக் குறைந்த குளிர்காலக் கதிர்த்திருப்பத்தன்று உதயச் சூரியன் எப்படி உள்ளே வரும் என்பதை மின்னொளியால் காட்டினார். உண்மையான ஒளி அங்கே 17 நிமிடம் தங்கும். தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று உள்ளே நின்று அதைக் கண்டார். இன்று அந்த விடியலில் உள்ளே நிற்கக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். வந்தாலும், மேகம் மூடினால் இருட்டைத்தான் பார்க்க முடியும். இத்தனையும் கேட்ட பிறகும் பொறியாளர் குலுக்கலுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். மேலாளர் மட்டும், கால்வே போய்ச் சேர இருட்டிவிடும் என்று எங்களை வண்டியில் ஏற்றுவதிலேயே குறியாக இருந்தார்.