பிராம்ப்டர் குறிப்புகள்

டிசம்பர் 28, ஞாயிறு

மாட்டுப்பொங்கல் ராத்திரி நாடகம் உண்டு என்று முடிவாகிவிட்டது. கதை வசனம் நான்தான். மறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிற பிராம்ப்டரும் நான்தான். ஆள் சேர்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. வட்டிக்காரர் வேஷத்துக்கு ஒருத்தரும் வராமல், கடைசியில் பந்தல்காரச் சித்தப்பா சரி என்றார். ஊரில் அவர் பாக்கி வைக்காத கடை கிடையாது. கதாநாயகி, டெய்லர் தம்பி. ஆனால் மீசையை எடுக்க மாட்டானாம். தை கடைசியில் கல்யாணம்.

ஜனவரி 2, வெள்ளி

ரேஷன் கடைத் திண்ணையில் ஒத்திகை. பெரியப்பா வந்து துண்டை உதறிக்கொண்டு நின்றார். "படிச்ச புள்ள, கூத்தாடிப் பொழப்பு எதுக்குடா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. 1891இல் சென்னையில் சுகுண விலாச சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் ஒரு வக்கீல், பின்னால் ஜட்ஜாகவும் ஆனவர் என்றேன். தீரர் சத்தியமூர்த்தியே அந்தச் சபா மேடையில் ஏறி நடித்திருக்கிறார், படித்த ஆம்பிளைகள் அங்கே புடவை கட்டிக்கொண்டு பெண் வேஷம் போட்டார்கள் என்றெல்லாம் அடுக்கினேன்.

பெரியப்பா கொஞ்ச நேரம் வெற்றிலை மென்றார். "ஜட்ஜே ஆடுனாரா? அப்ப எனக்கும் ஒரு வேஷம் குடு."

சாகிற அப்பா வேஷம் காலியாக இருந்தது. வசனம் இரண்டே வரி.

ஜனவரி 9, வெள்ளி

பெண் வீட்டிலிருந்து நாடகம் பார்க்க வருகிறார்களாம். டெய்லர் தம்பி தானே போய் மீசையை எடுத்துவிட்டு வந்தான். மற்றபடி இன்று ஒன்றுமில்லை. கொசுக்கடி.

ஜனவரி 15, வியாழன்

பொங்கலும் அதுவுமாக, வாடகைக்குச் சொன்ன சீன் படுதா வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் தெரு, காடு, தர்பார். குடிசை சீன் வேறு ஊருக்குப் போய்விட்டதாம். கஞ்சிக்கு வழியில்லாத எங்கள் விவசாயி, தங்கத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் அழ வேண்டும். ராத்திரியே ஒரு வரி சேர்த்தேன்: "அடமானத்துல போனது போக மிஞ்சுனது இந்த ரெண்டு தூணுதான்!"

ஜனவரி 17, சனி

தூக்கமே இல்லை. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

மைக் ஒன்றே ஒன்று, மேடை நடுவில் தொங்கியது. வசனம் பேசுகிறவர்கள் எல்லோரும் அதற்குக் கீழே வந்து நெருக்கியடித்தார்கள். சைடு படுதாவுக்குப் பின்னாலிருந்து நான் எடுத்துக் கொடுத்ததும் அதில் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு வசனத்தையும் ஊர் இரண்டு தடவை கேட்டது.

சித்தப்பா விரலை நீட்டி, "வாங்குன கடன எப்ப திருப்பித் தரப்போற?" என்று கர்ஜித்தார். கூட்டத்திலிருந்து டீக்கடை மாமா எழுந்து, "அதத்தான்யா நானும் கேக்குறேன்!" என்றார். விசில் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. சித்தப்பா கொஞ்சமும் அசரவில்லை. "தை பொறந்தாச்சுல்ல, வழி பொறக்கும்" என்று மாமாவுக்குப் பதில் சொல்லிவிட்டு, விவசாயியைத் தொடர்ந்து மிரட்டினார். அந்த வரியை நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

தூண் வசனம் எடுபட்டதா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் போட்டார்கள்.

அப்புறம் சாவுக் காட்சி. பெரியப்பா இரண்டு வரியையும் பிசகாமல் சொல்லிச் செத்தார். மகள் வேஷத்தில் டெய்லர் தம்பி மாரில் அடித்துக்கொண்டு அழ, பெண்கள் பக்கம் நிஜமாகவே மூக்கைச் சிந்தினார்கள். சட்டென்று மைக்கில் அறிவிப்பு: "அன்னாரின் நடிப்பைப் பாராட்டி, திருப்பூர் மருமகன் அளிக்கும் அன்பளிப்பு ரூபாய் நூறு!" மருமகன் மேடையேறி, குனிந்து, பிணத்தின் சட்டையில் நோட்டை வைத்து ஊக்கைக் குத்தினார். ஊக்கு துணியோடு நிற்கவில்லை போல. பெரியப்பாவின் கால் கட்டைவிரல் இரண்டும் விறைத்தன. வாய் திறக்கவில்லை மனுஷர். ஆனால் மாப்பிள்ளை மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! கண்ணை மூடியபடியே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, மறுபடி செத்தார்.

நான் படுதாவைக் கடித்துக்கொண்டு சிரித்ததும் மைக்கில் கேட்டதாம். வீட்டுக்காரி சொன்னாள்.

ஜனவரி 18, ஞாயிறு

சீனைச் சுருட்டி வண்டியேற்றினோம். டோப்பா ஒன்று காணவில்லை. பெரியப்பா நெஞ்சில் மஞ்சள் வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் எத்தனை வரி என்று கேட்கிறார்.

டீக்கடையில் சித்தப்பா பாக்கியில் முந்நூறு ரூபாயைக் கட்டினார். மாமா ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஊக்குக் குத்திய ஓட்டை.