நிறமும் குலமும்: சோமாலியர் கேட்கும் கேள்விகள், வியாசர்பாடியிலிருந்து

வடசென்னையில் ஒல்லியான பிள்ளையைக் கேலி செய்ய வேண்டுமென்றால் இன்றும் சோமாலியா என்ற நாட்டின் பெயரைத்தான் எடுக்கிறார்கள். 1992ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் புகைப்படங்களையும், பிற்காலத்தில் ஏடன் வளைகுடாவில் கப்பல்களைப் பிடித்துவைத்த கடற்கொள்ளையர் பற்றிய செய்திகளையும் தவிர, அந்த நாட்டைப் பற்றி நம்மிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. கப்பல் வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்த ராயபுரத்துக் குடும்பங்கள் அந்தக் கொள்ளைச் செய்திகளை எவ்வளவு அச்சத்தோடு படித்தன என்பது எனக்குத் தெரியும். அந்த அச்சத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால், சோமாலியர்களும் நம்மைப் போலவே கப்பல் தொழிலாளர்களாக உலகைச் சுற்றியவர்கள் என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பிறகு, நிலக்கரி நிரப்பிக்கொள்ள அரேபியக் கரையின் ஏடன் துறைமுகத்தில் நின்ற நீராவிக் கப்பல்களில், எதிர்க்கரையிலிருந்து வந்த சோமாலியர்கள் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலையில் சேர்ந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் துறைமுகத்தில் அவர்களுக்கென்று ஒரு குடியிருப்பே உருவாகிவிட்டது. அங்கே வாழ்ந்த மஹ்மூத் மத்தான் என்ற மாலுமியை, ஒரு கடைக்காரப் பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டி 1952 செப்டம்பரில் தூக்கிலிட்டார்கள். அவருக்காக வாதாடிய வழக்கறிஞரே அவரைப் பாதி நாகரிகம் அடைந்த காட்டுமனிதர் என்று நீதிமன்றத்தில் வர்ணித்தார். அந்தத் தீர்ப்பு தவறானது என்று 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காவல்துறை வருத்தம் தெரிவித்தது 2022இல். கணவனுக்காகப் பல பத்தாண்டுகள் போராடிய மனைவி அதற்குள் இறந்துவிட்டார்.

இந்த வழக்கை முதலில் எனக்குச் சொன்னவர், மண்ணடியில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்கிப் படித்துக்கொண்டிருந்த, சோமாலியர்களின் வடபகுதி நகரமான ஹர்கெய்சாவைச் சேர்ந்த ஒரு மாணவர். 1991 ஜனவரியில் சோமாலிய அதிபர் சியாத் பர்ரேயின் ஆட்சி கவிழ்ந்து உள்நாட்டுப் போர் பரவியபோது அவருடைய உறவினர்களும் சிதறிப்போனார்கள். சிலர் கென்யாவின் ததாப் அகதி முகாமுக்கும், அங்கிருந்து அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகருக்கும் போய்ச் சேர்ந்தார்கள். தொழுகை முடிந்து அவர் தேநீர்க் கடைக்கு வரும் மாலைகளில் நாங்கள் நெடுநேரம் பேசியிருக்கிறோம். தம் மக்களைக் குறித்து அவர் பெருமையோடு பேசுவார். ஆயினும் எதையும் மறைத்துப் பேச மாட்டார்.

அவர் சொன்னவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது நிறம் பற்றிய பேச்சுதான். சோமாலியர் பலர் தங்களை வம்சாவளியாலும் சமயத்தாலும் அடையாளம் கண்டார்களே தவிர, கறுப்பர் என்று எண்ணியதில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக்கால கென்யாவில் வாழ்ந்த, சோமாலியக் குலங்களில் ஒன்றான இசாக் குலத்தார், தங்களை ஆப்பிரிக்கச் சுதேசிகளின் பட்டியலில் வைக்காமல் இந்தியரோடு சேர்த்து ஆசியராகக் கணக்கிட வேண்டும் என்று 1930களில் மனு மேல் மனுவாக எழுதினார்கள். அதற்காகக் கூடுதல் வரி கட்டவும் ஆயத்தமாக இருந்தார்கள். ஒரு படி மேலே நின்றால் பாதுகாப்புக் கிடைக்கும் என்ற கணக்கு அது. அந்தப் படிக்கட்டைக் கட்டியவர்கள் வெள்ளையர்கள் என்பதை மறந்து இசாக் குலத்தாரைப் பழிப்பது நியாயமாகாது.

அமெரிக்காவில் வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு உதவவில்லை. சாலையில் வண்டியை நிறுத்தும் காவலர் யாருடைய வம்சாவளியையும் விசாரிப்பதில்லை. 2020 மே மாதம் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் காவலரால் கொல்லப்பட்டபோது சோமாலிய இளைஞர்களும் தெருவுக்கு வந்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஏழு நாடுகளின் குடிமக்களுக்கு அமெரிக்க அரசு விதித்த பயணத் தடையில் சோமாலியாவின் பெயரும் இருந்தது. கறுப்பர், முஸ்லிம், அகதி என்று மூன்று சந்தேகங்களையும் ஒரே உடம்பில் சுமக்கிறார்கள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதுவும் மற்றவர்கள் இழைத்த கொடுமைகளின் கதையாக முடிந்திருக்கும். அந்த இளைஞர்களில் சிலர் கேள்வியை உள்பக்கமும் திருப்புகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான பாண்டு மக்கள், ஜூபா ஆற்றங்கரையில் பல தலைமுறைகள் உழுதும் சோமாலியச் சமூகத்தில் தாழ்ந்தவர்களாகவே நடத்தப்பட்டார்கள். தோல் பதனிடுவோர், கொல்லர் போன்ற தொழில்களைச் செய்த கபோயே, தூமால் முதலிய பிரிவினருக்கு மற்றவர்கள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. 2000ஆம் ஆண்டு ஜிபூத்தியில் நடந்த சமாதான மாநாட்டில் நான்கு பெருங்குலங்களுக்குச் சமமான பங்கும், மீதமுள்ள அனைவருக்கும் சேர்த்து அதில் பாதியும் என்று நாடாளுமன்ற இடங்களைப் பிரித்துக்கொண்டார்கள். மனிதர்களை அரைப் பங்காக எண்ணிய அந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த மாணவரின் குரல் கடுமையாகிவிடும்.

2003க்குப் பிறகு பாண்டு மக்களில் சுமார் 12,000 பேரை அமெரிக்கா குடியமர்த்தியது. மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் நகரில், ஊர்க்காரர்களின் பார்வைக்கு அவர்களும் மற்ற சோமாலியரும் ஒரே கூட்டமாகத்தான் தெரிந்தார்கள். அதே ஊரில், பழைய இழிவை மறக்காதவர்களும் அதை விட மனமில்லாதவர்களும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்தார்கள்.

இதைக் கேட்கும் வடசென்னைக்காரருக்கு விளக்கம் தேவைப்படாது. முகவரியில் வியாசர்பாடி என்று எழுதியதற்காகவே நேர்முகத் தேர்வில் முகம் மாறுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். கறுத்த உடம்பை ரௌடியின் உடம்பாகக் காட்டும் திரைப்படங்களையும் பார்த்து வளர்ந்திருக்கிறோம். அப்படிப் புண்பட்டவர்களே வீடு வாடகைக்குக் கேட்டு வருபவரிடம் என்ன ஆட்கள் என்று விசாரிக்கிறார்கள். 1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. ரங்கூனில் அனைவரும் ஒரே கடையில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட்டோம் என்று தாத்தா சொல்வார். அங்கும் கல்யாணம் பேசச் சாதி பார்த்தார்களா என்று கேட்டால், அதிலென்ன சந்தேகம் என்பார்.

வெளிநாட்டில் பிறந்த மூன்றாம் தலைமுறையோடு குலப் பிரிவினை தானாகவே தேய்ந்துவிடும் என்பது அந்த மாணவரின் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைகள் கடந்தும் அது தேயவில்லை. சட்டமும் விடாத தட்டிக்கேட்பும் சேர்ந்தால்தான் அது சிறிதாவது நகரும் என்று அவரிடம் சொன்னேன். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த செய்தியையும் எடுத்துக் காட்டினேன். சோமாலியர்களும் பெருமளவில் வாழும் பகுதி அது. அந்தச் சட்டம் கபோயே மக்களுக்கும் செல்லுமா என்று உடனே கேட்டார். பிறப்பால் வரும் தகுதி, பிரிவுக்குள்ளேயே திருமணம், வழக்கமோ சட்டமோ சமயமோ ஆதரிக்கும் சமூகத் தடைகள் ஆகியவற்றைக் கொண்டுதான் அங்கே சாதி வரையறுக்கப்பட்டிருக்கிறது. தெற்காசியர்கள் மட்டுமே என்று அது வரம்பிடவில்லை. ஆகவே செல்லும் என்பதே என் கருத்து என்றேன். அந்த வரையறையை முழுவதுமாகப் படித்துவிட்டு, மினியாபொலிஸிலுள்ள தன் மாமாவுக்கு அதை அன்றிரவே அனுப்பப் போவதாகச் சொன்னார். அவர் கோபித்துக்கொள்வாரே என்றேன். கோபித்துக்கொள்ளட்டும், அவருடைய மகளுக்கும் சேர்த்தே அனுப்புகிறேன் என்றார்.